கோடையும் கொத்தனாரும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். இந்தப் பழமொழியைச் செய்த மகானுபாவர் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார். கல்யாணத்தை ஒரு முறை பண்ணிப் பார்த்தால் போதும். வீட்டையும் ஒரு முறை கட்டிப் பார்த்தால் போதும். கட்டிய வீட்டைக் கோடைதோறும் பழுது பார்ப்பது இருக்கிறதே, அதற்கு முடிவு என்பதே கிடையாது. அதையும் பழமொழியில் சேர்த்துச் சொன்னால், கேட்பவர்கள் மிரண்டுபோய் வாடகை வீட்டில் பிரம்மசாரிகளாகவே காலத்தைக் கழித்துவிடுவார்கள் என்று பயந்துதான் அவர் பேசாமல் இருந்துவிட்டார் போலும்.

சித்திரை பிறந்து பள்ளிக்கூடங்கள் மூடியதும், சொந்த வீடு படைத்தவர்களுக்கு ஒருவித வேகம் வந்துவிடுகிறது. வாசலில் மணற்குவியல் தோன்றுகிறது. அது முதலில் குழந்தைகளுக்குக் கோட்டையாகவும் தெரு நாய்க்குப் படுக்கையாகவும் பயன்பட்டு, மிச்சம் இருப்பது கலவைக்குப் போகிறது. கூடத்துச் சாமான்கள் தாழ்வாரத்துக்கும், தாழ்வாரத்துச் சாமான்கள் கொல்லைக்கும் குடிபெயர்கின்றன. வீட்டுக்காரர் ஒரு காகிதத்தில் மராமத்து ஜாபிதா ஒன்று எழுதுகிறார். கூடத்துக்குப் புது வர்ணம். தரைக்குப் பளபளப்பான கல். கொல்லை முழுவதும் சிமெண்டுத் தளம். கிணற்றை மூடிவிட்டு அந்த இடத்தில் கார் நிறுத்தக் கொட்டகை. காதில் பென்ஸிலைச் செருகிக்கொண்டு வரும் மேஸ்திரி இதைக் கேட்டுவிட்டு, "எல்லாம் பண்ணிடலாம், ஐயா" என்கிறார். மேஸ்திரிகள் இதைத் தவிர வேறு பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த ஜாபிதாவில் என்ன குறை என்று நேயர்கள் வினவலாம். வீட்டுக்கு வாய் இருந்து, அதையே ஒரு ஜாபிதா எழுதச் சொன்னால், வர்ணம் அதில் கடைசி வரியில்தான் இருக்கும். முதல் வரியில் ஜலம் என்று இருக்கும்.

தமிழ்நாட்டு வீட்டுக்கு ஜலமே பரம சத்துரு. ஜலமே பரம மித்திரன். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அது வேண்டாத இடத்தில் இறங்கிச் சுவரைக் கெடுக்கிறது. சித்திரையிலும் வைகாசியிலும் வேண்டிய இடத்தில் இல்லாமல் மனிதரை வாட்டுகிறது. இரண்டு துன்பங்களுக்கும் காரணம் ஒன்றே: வந்த ஜலத்துக்கு நாம் சரியான வழி விடவில்லை. கோடையில் செய்ய வேண்டிய பழுதுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வேலையின் பல பகுதிகள்தாம். ஆகையால், மழைத்துளி ஒன்று மாடியில் விழுந்து கொல்லைக் கிணற்றுக்குப் போய்ச் சேரும் வரையில், அதன் பின்னாலேயே நாமும் நடந்து பார்ப்போம்.

* * *

முதலில் மாடி. சென்னையிலும் தமிழ்நாட்டின் பழைய ஊர்கள் பலவற்றிலும் நூறு வயதை எட்டிய வீடுகள், மெட்ராஸ் டெரஸ் என்று வழங்கும் தளத்தைத் தலையில் தாங்கி நிற்கின்றன. தேக்கு உத்திரங்களை வரிசையாக அமைத்து, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வரிசையில் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டுவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் பரப்பி, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டைகளால் நாட்கணக்கில் தட்டுவார்கள். தட்டும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பது வழக்கம். கட்டை பட்டால் தளம் கல்லைப்போல் எதிரொலிக்கும் வரையில் தட்டல் நிற்காது. கடைசியில் மேலே தட்டோடு பதித்து முடிப்பார்கள்.

இத்தகைய தளம் ஒழுகத் தொடங்கினால் வழக்கமாக என்ன நடக்கிறது? "மேலே ஓர் அங்குலம் சிமெண்டைப் போட்டு மூடிடலாம், ஐயா" என்கிறார் மேஸ்திரி. ஆயிரம் சதுர அடி மாடியில் ஓர் அங்குலக் கனத்துக்குச் சிமெண்டுக் கலவை போட்டால், அதன் எடை ஏறத்தாழ 5 டன். நூறு வருஷம் உழைத்துக் களைத்த உத்திரங்களின் தலையில் ஒரு கொம்பன் யானையை ஏற்றி உட்கார வைப்பதற்கு இது சமானம். கோயில் யானையாவது உற்சவம் முடிந்ததும் இறங்கிப் போய்விடும். இது நிரந்தர வாசம் செய்யும் யானை! அன்றியும், வெயிலில் சிமெண்டு விரியும் விதம் வேறு. பழைய சுண்ணாம்புத் தளம் விரியும் விதம் வேறு. ஆகவே சில வருஷங்களில் புதுப் பூச்சில் விரிசல் காணும். அதன் வழியாகப் புகும் நீர் இரண்டு தளங்களுக்கும் நடுவே சிறைப்பட்டு, வெளியேற வழி தேடும். அது முடிவில் கண்டுபிடிக்கும் வழி, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் முனையே.

சிமெண்டு மூட்டைக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன், செலவில்லாத பரீட்சை ஒன்று உண்டு. நாலைந்து குடம் நீரை மாடியில் ஊற்றிவிட்டு, அது எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பத்தடி நீளத்துக்கு இரண்டு அங்குலமாவது சரிவு இருந்தால் நீர் நிற்காமல் போய்விடும். நிற்கும் இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் கோடிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்குழாயின் வாயில் மாவிலையும் காக்கைக் கூட்டின் கம்பியும் அடைத்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் பூச்சு பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கூடத்தில் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நம்ப வேண்டாம். நீர் உத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வெகு தூரம் யாத்திரை செய்து, தனக்கு இஷ்டமான இடத்தில் சொட்டும். நோயின் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால், மாடி முழுவதையும் மூடவேண்டிய அவசியம் பெரும்பாலும் நேராது. குறித்த இடத்தை மட்டும் பெயர்த்து, பழைய முறைப்படியே சுண்ணாம்பில் செய்துவிடலாம்.

கைப்பிடிச் சுவரின் விரிசலில் அரசங்கன்று ஒன்று இரண்டு இலையோடு சிரித்துக்கொண்டிருந்தால், அதை லேசாக நினைக்கக் கூடாது. காக்கையின் கிருபையால் வந்த அந்த விதை, சில வருஷங்களில் செங்கல்லைப் பிளந்துவிடும். மேலே கிள்ளிவிட்டால் முன்னிலும் வலுவாகத் தளிர்க்கும். வேரோடு எடுத்து, விரிசலைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும். "அரச மரத்தை வெட்டலாமா? பாவம் இல்லையா?" என்று வீட்டுப் பாட்டி கேட்பாள். கன்று சிறியதாக இருக்கும்போதே எடுத்துக் குளக்கரையில் நட்டுவிட்டால், பாட்டிக்கும் திருப்தி, சுவருக்கும் ஆயுள்.

ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு மாடிக் கவலை இல்லை; அணிலும் குரங்கும் கவலை தருகின்றன. மங்களூரில் 1865-ஆம் ஆண்டில் பாஸல் மிஷனார் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய சீமை ஓடு, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்படி வார்த்தது. உடைந்ததை மட்டும் எடுத்துவிட்டு வேறு ஒன்றைச் செருகலாம். நாட்டு ஓடு அப்படி அல்ல. அவ்வப்போது பிரித்துத் தட்டித் திரும்ப மேய வேண்டும். எந்த ஓடானாலும், பிரித்த சமயத்தில் சட்டங்களைக் கரையான் தின்றிருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிக் கேட்பது நலம். கட்டியான சப்தம் வந்தால் க்ஷேமம். பறையைப்போல் பொள்ளென்று ஒலித்தால் தச்சருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

* * *

மாடியிலிருந்து இறங்கினால் சுவர். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பூச்சு பொரிந்து, வெண்மையான உப்புப் பூத்து, கை பட்டால் உதிரும் சுவரைப் பார்க்காதவர் இருக்க முடியாது. வருஷா வருஷம் அதன் மேல் வர்ணம் பூசுவதும், அது வருஷா வருஷம் உரிந்து விழுவதும் பல குடும்பங்களில் ஒரு பண்டிகையைப்போல் நடந்து வருகின்றன.

இந்த நோயின் காரணத்தை அறிய வேண்டும். செங்கல்லும் சுண்ணாம்பும் பஞ்சைப்போல் ஈரத்தை உறிஞ்சும். வெயிலும் காற்றும் பட்டால் அதை வெளியே விட்டுவிடும். பழைய சுவர் இவ்வாறு மூச்சு விட்டுக்கொண்டுதான் நூறு வருஷம் நின்றது. அதன் மேல் சிமெண்டுப் பூச்சைப் பூசுவது மூக்கைப் பொத்துவதற்கு ஒப்பாகும். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற முடியாமல் இன்னும் மேலே ஏறுகிறது. கரைந்த உப்பையும் கூடவே தூக்கிக்கொண்டு போகிறது. முன்பு முழங்கால் உயரத்தில் இருந்த நோய், சிமெண்டு வைத்தியத்துக்குப் பிறகு இடுப்புக்கு ஏறிவிடும்.

வைத்தியம் வெளியே தொடங்க வேண்டும். சுவருக்கு வெளியே மண் மேடிட்டு, வீட்டுத் தரையைவிட உயர்ந்திருந்தால் வெட்டித் தாழ்த்துங்கள். ஸ்நான அறையின் சாக்கடை சுவரை ஒட்டி ஓடினால் விலக்குங்கள். சுவரோடு ஒட்டி வைத்த பூச்செடிக்குத் தினம் இரண்டு வேளை நீர் விடும் அன்பு, சுவருக்கும் சேர்த்து விடும் அன்பு என்பதை நினைவில் வையுங்கள். பிறகு சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை வெயிலில் உலர விடுங்கள். கனமான சுவர் உலர ஒரு கோடை போதாமலும் போகலாம். நன்றாக உலர்ந்த பின் சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசினால், சுவர் மறுபடி மூச்சு விடும்.

சிமெண்டை நான் நிந்திப்பதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தில் ஜோஸப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 1824-ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். இந்தியாவில் முதன்முதலாகச் சிமெண்டு செய்து பார்த்தது நம் சென்னையில்தான். 1904-ஆம் ஆண்டில், கிளிஞ்சலைக் கொண்டு. கான்கிரீட்டுக் கட்டடத்துக்கு அது இன்றியமையாதது. சிமெண்டால் கட்டிய வீட்டைச் சிமெண்டால் பழுது பார்ப்பதே நியாயம். சுண்ணாம்பால் கட்டிய வீட்டுக்குச் சுண்ணாம்பே உறவு.

கஷ்டம் எங்கே இருக்கிறதென்றால், சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் கிடைப்பதில் இருக்கிறது. கற்சுண்ணாம்பை நீற்றி, நாட்கணக்கில் நீரில் ஊறப்போட்டு, வட்டமான பள்ளத்தில் மாடு கட்டிக் கல்லுருளையை இழுத்து அரைத்த காலம் போய்விட்டது. செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெண்கருவைச் சேர்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றிய சுவர்களைச் செய்த கைகள் அருகி வருகின்றன. அவ்வேலை தெரிந்த முதியவர் ஒருவர் அகப்பட்டால், அவர் கேட்கும் கூலி மற்றவரைவிட அதிகமாக இருக்கும். வேலையும் மெதுவாக நடக்கும். பேரம் பேசாமல் கொடுத்து, கூடவே இளைஞர் ஒருவரை எடுபிடியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் சுவருக்குக் கொடுக்கும் பணத்தில், அடுத்த தலைமுறைக்கு ஒரு கொத்தனாரும் கிடைப்பார்.

நல்ல வீடு என்பது அது நிற்கும் இடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களால் கட்டியதாக இருக்க வேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தில் குடியேறி, எளிய வீடுகளைக் கட்டிப் புகழ்பெற்ற லாரி பேக்கர் தம் வாழ்நாள் முழுவதும் இதை நினைவில் வைத்து வேலை செய்தார். கட்டுவதற்குச் சொன்ன விதி பழுது பார்ப்பதற்கும் பொருந்தும்.

ஒரு சிறு எச்சரிக்கை. கோடை வெயில் ஓட்டையைத் தேடுவதற்கும் சுவரை உலர்த்துவதற்கும் உகந்தது; பூச்சு வேலைக்குப் பகையானது. உச்சி வேளையில் பூசிய பூச்சு, இறுகுவதற்குள் காய்ந்து வெடித்துவிடும். அதிகாலையிலோ மாலையிலோ பூசி, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, ஒரு வாரமாவது நனைத்து வரவேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் கொத்தனாரையும் உச்சி வேளையில் உட்கார வைத்து மோர் கொடுப்பது, பூச்சுக்கும் நல்லது, புண்ணியமும் உண்டு.

* * *

மழைத்துளி இப்போது கொல்லைக்கு வந்துவிட்டது. அங்கே சிமெண்டுத் தளம் போட்டிருந்தால், அது தெருவை நோக்கி ஓடித் தெருச் சாக்கடையோடு கலந்து சமுத்திரத்துக்குப் போய்ச் சேரும். அப்படிப் போகும் சொத்து எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரி சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி மாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஆகவே ஒரே மாடியில் ஆண்டுக்குச் சுமார் 1,30,000 லிட்டர் விழுகிறது. சிந்தியதும் சிதறியதும் போக ஒரு லக்ஷம் லிட்டர் மிஞ்சினாலும், 12,000 லிட்டர் பிடிக்கும் லாரிகள் எட்டுக்குச் சமம். அதைச் சாக்கடைக்கு இனாமாகக் கொடுத்துவிட்டு, வைகாசியில் லாரிக்காரருக்கு டெலிபோன் செய்கிறோம்!

இதை உத்தேசித்தே, எல்லாக் கட்டடங்களிலும் மழைநீரைச் சேகரிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் சட்டம் பிறந்தது. பலர் அமைத்தார்கள். அமைத்த பின் பலர் மறந்தார்கள். வடிகட்டும் குழியில் மணலும் கூழாங்கல்லும் இருக்கும். அந்த மணல் மேல் சேறு படிந்து அடைத்துக்கொள்ளும். கோடைதோறும் அதை எடுத்து அலசிப் போடாவிட்டால், குழாய் அலங்காரத்துக்கு நிற்கும். முதல் மழை மாடியின் அழுக்கைக் கழுவிக்கொண்டு வரும். அதை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து கிணற்றுக்குத் திருப்புவதே முறை.

கிணறு என்றதும் ஜாபிதாவின் கடைசி வரி ஞாபகத்துக்கு வருகிறது. பல வீடுகளில் இந்தச் சம்பாஷணை நடைபெறுகிறது. "அப்பா, குழாயில் தண்ணீர் வருகிறது. ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. இந்தப் பாழுங்கிணறு எதற்கு? மூடினால் காரை நிறுத்தலாம்" என்கிறான் பிள்ளை. அவன் சொல்வதும் முழுவதும் தப்பு என்று சொல்ல முடியாது. காரைத் தெருவில் நிறுத்தினால் சண்டை வருகிறது. தகப்பனார் யோசிக்கிறார். அம்மா சமையலறையிலிருந்தே பதில் சொல்லுகிறாள்: "காருக்கு நிழல் வேண்டும் என்றால் வாசலில் பந்தல் போட்டுக்கொள்ளடா. கிணற்றை மூடினால் திரும்பத் தோண்டித் தருவாயா?"

அம்மாவின் கட்சிக்குச் சரித்திரம் சாட்சி சொல்லுகிறது. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் அதே சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. நாலே வருஷத்தில் ஓர் ஊர் மூழ்கியும் தவித்தும் இருக்குமானால், அதற்கு வானத்தை மட்டும் குறை கூறிப் பயன் இல்லை. நீர் இறங்க வேண்டிய வாய்கள் மூடப்பட்டிருக்கின்றன. கொல்லைக்கிணறு அவ்வாய்களில் ஒன்று. அதில் இறங்கும் மழைநீர் உங்கள் வீட்டு எல்லையோடு நிற்பதில்லை. அண்டை வீட்டுக் கிணற்றிலும் ஊறும். ஆகவே மூடுவதற்கு முன் தெருவையும் கேட்க வேண்டும்.

மூடாமல் தூர் வாருவதாயின், நீர் மிகத் தாழ்ந்திருக்கும் வைகாசியே தக்க காலம். இந்த இடத்தில் வேடிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டு ஒன்று சொல்லுகிறேன். நெடுநாள் இறைக்காத கிணற்றில் விஷக்காற்று தங்கியிருக்கக்கூடும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் முழுப் பாதுகாப்பு ஆகாது. சுடர் அணைந்தால் ஆபத்து நிச்சயம். ஆனால் சுடர் எரிந்தாலும் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. சில விஷவாயுக்கள் விளக்கை அணைப்பதில்லை; சில தீப்பற்றியே வெடிக்கும். எண்ணெய் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி நீர் இறைப்பதும் கூடாது. அதன் புகையே உயிரைக் குடிக்கும். காற்று ஊதும் யந்திரத்தால் முதலில் நல்ல காற்றைச் செலுத்த வேண்டும். இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும். மேலே இருவர் அதைப் பிடித்தபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்றுவதற்காக மற்றவர் குதிக்கக் கூடாது. ஒருவர் பின் ஒருவராக இரண்டு மூன்று உயிர்கள் போவது இவ்விதமே. இவற்றுக்கு வசதி செய்யாத ஆளிடம், கூலி எவ்வளவு குறைவாக இருந்தாலும், வேலையைக் கொடுக்காதீர்கள்.

கொல்லையில் இருக்கும் மலக்குழித் தொட்டிக்கு இன்னும் கண்டிப்பான விதி உண்டு. பாதுகாப்பின்றி மனிதரை அதில் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கியவருக்கு இரண்டு ஆண்டு வரையில் சிறைத் தண்டனை விதிக்கலாம். வீட்டுக்காரரும் இதற்கு விலக்கல்ல. லாரியில் வரும் உறிஞ்சும் யந்திரம் இருக்கும்போது, நம் வீட்டு அசுத்தத்துக்காக இன்னொரு வீட்டு விளக்கை அணைக்க நமக்கு என்ன உரிமை? அத்தொட்டியின் கழிவு இறங்கும் குழி, கிணற்றிலிருந்து 50, 60 அடியாவது தள்ளி இருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள். இல்லையானால் அக்கிணற்று ஜலத்தைக் குடிக்க வேண்டாம்.

கொல்லையின் மற்ற வேலைகள் எளியவை. துணி துவைக்கும் கல்லிலிருந்து ஓடும் நீரை வாழைக்குத் திருப்புங்கள். முருங்கைக் கிளை சட்டென்று முறியும் இயல்புடையது; காய்ப்பு ஓய்ந்ததும், காற்றுக் காலம் வருவதற்குள் தறித்துவிடுங்கள். தென்னையின் காய்ந்த மட்டைகளை இறக்கிவிட்டால், ஆடிக்காற்று அவற்றை ஓட்டின் மேல் எறியாது.

இனி ஜாபிதாவைத் திருப்பி எழுதலாம். முதல் ரூபாய் மாடிக்கும் மழைக்குழாய்க்கும். அடுத்தது சுவரின் காலடிக்கு. அதற்கடுத்தது கிணற்றுக்கும், அதில் இறங்குபவரின் பாதுகாப்புக்கும். மரச் சாமான்களுக்கும் ஜன்னலுக்கும் அதன் பிறகு. பணம் மிஞ்சினால் வர்ணம் பூசிக்கொள்ளுங்கள். மிஞ்சாவிட்டால் வெள்ளைச் சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்து அடித்தால் போதும். தீபாவளிக்கு வரும் மாப்பிள்ளை கூடத்தின் நிறத்தைக் கவனிக்காமல் போகலாம். அன்று இரவு அடைமழை பெய்து, கூடத்தில் ஒரு பாத்திரமும் வைக்காமல் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினால், அதைக் கட்டாயம் கவனிப்பார்.